கூட யார் போவது?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், நாளிதழொன்றில் பணியாற்றும் இளம் நிருபர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் முதல் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்த செய்தி அவருக்குக் கிடைத்திருந்தது. எனக்கு அக்குடும்பத்தைத் தெரியும் என்பதையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பின், இறுதியாக ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, அந்தப் பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிற பழைய படம் ஏதும் இருக்கிறதா?"

இல்லை என்றேன். அவர் ஏமாற்றமடைந்தது குரலில் தெரிந்தது.

அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்த தலைமுறை என்னுடையது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் எழுதியது ஒரே செய்தியைத்தான். பெயரும் ஊரும் மட்டும் மாறும். 'வறுமையை வென்ற வீரன்', 'வெறுங்காலில் ஒரு வெற்றி', 'தனியொருவனாய்ச் சாதித்த தோட்டத்து மைந்தன்'. போகம்பறை மைதானத்தில் நடந்த ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நீண்டதூர ஓட்டத்தை வென்ற சிறுவன் ஒருவனைப் பற்றி நானும் அப்படியே எழுதினேன். கால்விரலில் துணி சுற்றிய படம் முதற்பக்கத்தில் வந்தது. ஆசிரியபீடத்தில் பாராட்டுக் கிடைத்தது. அச்சிறுவனுக்கு என்ன கிடைத்தது என்று நான் விசாரித்தது நான்கு ஆண்டுகளின் பின். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வென்ற மறு ஆண்டே ஓடுவதை நிறுத்திவிட்டானாம். மாகாண மட்டப் போட்டிக்குப் போகப் பஸ் கட்டணத்துக்கும், கூடப் போவதற்கும் ஆளில்லை. 'தனியொருவனாய்' என்று நான் பெருமையாக எழுதிய சொல்தான் அவனுடைய நோய். நோயின் பெயரைத்தான் நான் விருதாகச் சூட்டியிருந்தேன்.

ஆகவே இக்கட்டுரை, முதலில் என் மீதான குற்றச்சாட்டு. அதன் பிறகே மற்றவர்கள் மீது.

என் துணிபு இது: முதல் மரதன் ஓட்டத்தை எவரும் தனியாக ஓடுவதில்லை. தனியாக ஓடியதாகச் சொல்லப்படும் கதைகள் யாவும் கூட இருந்தவர்களை வெட்டியெறிந்த படங்கள். அவ்வாறு வெட்டியெறிவது பத்திரிகைத் தவறு மாத்திரமன்று. அடுத்து ஓட வரும் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

வெறுங்கால் வீரத்துக்கு உலகம் காட்டும் முதல் சாட்சி எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். இதை எழுதாத விளையாட்டுப் பக்கம் இல்லை. ஆனால் அவர் பேரரசரின் மெய்க்காவற் படையைச் சேர்ந்தவர், ஒன்னி நிஸ்கனன் என்ற பயிற்றுநர் அவரைப் பல காலம் பயிற்றுவித்திருந்தார், வெறுங்காலுடன் ஓடியது பொருத்தமான சப்பாத்து அமையாமையால் எடுத்த முடிவு என்ற விவரங்களை எத்தனை பேர் எழுதினோம்? நான்கு ஆண்டுகள் கழித்து, 1964இல் டோக்கியோவில் அதே பிகிலா மீண்டும் தங்கம் வென்றார். நேரம் 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. அம்முறை அவர் காலில் சப்பாத்து இருந்தது. அந்தப் படத்தை நாம் போடுவதில்லை. ஏழையின் காலில் சப்பாத்து வந்துவிட்டால் நமக்குச் செய்தி கெட்டுவிடுகிறது.

இனி, தெல்தோட்டைப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் பெயரை எழுதப் போவதில்லை. அது அவள் விருப்பம்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வர்த்தகப் பயிராக முதன்முதலில் நட்ட லூல்கந்துரவுக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரு தோட்டம். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே செங்குத்தான இறக்கம். மரதன் ஓடப்போவதாக மகள் சொன்னபோது, கொழுந்து பறிக்கும் தாய் ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை. "கூட யாரு போறது?" என்று மட்டும் கேட்டார். நாற்பது ஆண்டுகளாக எழுதிய எனக்குத் தோன்றாத கேள்வி அது. இருட்டில், பனியில், தெருநாய்களும் வளைவில் வேகமாக இறங்கும் லொறிகளும் உள்ள வீதியில், பத்தொன்பது வயதுப் பெண் விடியற்காலை நாலரை மணிக்குத் தனியே ஓட முடியாது. மனத்திடத்தால் தீரும் காரியமன்று இது.

கூடப் போனவர்கள் யார்? முச்சக்கர வண்டி ஓட்டும் அண்ணன், வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தான். வாரத்தில் நான்கு விடியற்காலைகள், பதினெட்டு வாரங்கள். அந்த நேரத்தில் கிடைக்கக்கூடிய முதல் வாடகையை அவன் இழந்தான். கம்பளைப் பக்கத்தில் வசிக்கும், ஓய்வுபெற்ற சிங்கள உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பயிற்சி அட்டவணை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே, நாலாவது வாரம் குறைத்து ஓடு, மலையில் இறங்கும்போது காலடியைச் சுருக்கு என்பவை அவருடைய கட்டளைகள். தெல்தோட்டைக் கடைவீதியில் மருந்துக்கடையில் வேலை செய்யும் முஸ்லிம் பெண்மணி ஒருவர், அவளுக்கு இரத்தச்சோகை இருக்கலாம் என்று முகத்தைப் பார்த்தே சந்தேகித்து, பரிசோதிக்கச் செய்து, இரும்புச்சத்து மாத்திரையை வைத்தியர் சொற்படி உட்கொள்ள வைத்தார். பேராதனையில் பணிபுரியும், முன்னரே சில மரதன்கள் ஓடிய இன்னொரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் மகாவலிக் கரையோரமாக, பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையிலான ஓரளவு சமமான வீதியில் அவளுடன் நீண்டதூரம் ஓடினார். அவர்கள் ஓடிய மிகக் கூடிய தூரம் 32 கிலோமீற்றர்.

மூன்று இனத்தவரும் இருக்கிறார்கள் என்று இதற்கு யாரும் நல்லிணக்க மாலை சூட்ட வேண்டாம். அவர்கள் நல்லிணக்கத்துக்காகக் கூடவில்லை. ஒரு பெண் ஓட வேண்டியிருந்தது, அதற்காகக் கூடினார்கள்.

என் பங்கு என்ன? சப்பாத்து விலையில் பாதி. அதையும் கேட்ட பிறகே கொடுத்தேன். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2024இல் 1,350 ரூபா என்று வந்தது. அந்தக் கணக்கில் தரமான ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி, தாயின் இரண்டு வார உழைப்பையேனும் விழுங்கிவிடும். அப்படியிருக்க, 'மனமிருந்தால் போதும்' என்று எழுதிய பேனாக்களை என்ன செய்வது?

போட்டி மேற்குக் கரையோரத்தில். மலைநாட்டுக் குளிரில் பயின்ற உடல், கடற்கரை வெக்கையில் ஓடப் பழகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் சித்தி அவளைப் பன்னிரண்டு நாட்கள் வைத்துக்கொண்டார். அந்த அறையில் ஏற்கெனவே நான்கு பேர்.

பேராதனைப் பெண்ணும் போட்டியில் பதிவுசெய்து, தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவளுடனேயே ஓடினார். முப்பதாவது கிலோமீற்றருக்குப் பின் என்ன நடக்கும் என்பதை ஓடியவர்கள் அறிவார்கள். தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த சர்க்கரை தீரத் தொடங்கும், கால் மரக்கட்டையாகும், மனம் நியாயமாகப் பேசி நிறுத்தச் சொல்லும். 34ஆவது கிலோமீற்றரில் அவள் வீதியோரம் உட்கார்ந்துவிட்டாள். தாகம் என்று எண்ணி இன்னும் இன்னும் வெறுந்தண்ணீரைக் குடிக்கப் போனாள். அளவு மீறினால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து ஆபத்தாகும் என்பதை அறிந்த துணை தடுத்தார். உப்புச் சேர்த்த கரைசலைக் கொடுத்து, எழுப்பி, "அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரை நடப்போம், அதற்குப் பிறகு யோசிப்போம்" என்றார். நடந்தார்கள். அதற்குப் பிறகு ஓடினார்கள். 5 மணி 12 நிமிடத்தில் முடித்தார்கள்.

சாதனை நேரம் அன்று. ஆனால் பதினெட்டு வாரங்களில் எந்த ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தப் பெண் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டாள். இதை 'தனியொருத்தியாய்' என்று எழுதுவது பொய்ச்செய்தி.

உலகின் முதல்தர ஓட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். 2019 அக்டோபர் 12ஆம் திகதி வியன்னாவில் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீற்றரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். அவருக்குக் காற்றை மறைத்து ஓட 41 பேர் முறைவைத்து மாறினார்கள். வேகத்தைக் காட்ட வண்டி முன்னால் சென்றது. பானத்தைச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தனை உதவி இருந்தமையால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. நியாயமே. ஆனால் உச்சத்தில் நிற்பவருக்கே 41 பேர் வேண்டியிருந்தபோது, லயத்துப் பிள்ளைக்கு ஒருவரும் வேண்டாம் என்று நாம் எந்த நெஞ்சோடு சொல்கிறோம்?

பெண்களின் மரதன் வரலாறும் துணையின் வரலாறுதான். 1966இல் பொபி கிப் என்ற பெண் பதிவின்றியே பொஸ்டன் மரதனை ஓடி முடித்தார். மறு ஆண்டு, 1967 ஏப்ரல் 19ஆம் திகதி, கத்ரின் சுவிற்சர் 261ஆம் இலக்கத்துடன் முறையாகப் பதிவுசெய்து ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து இலக்கத்தைப் பிடுங்க முயன்றார். அவரைத் தள்ளிவிட்டவர் கூட ஓடிய நண்பர். பக்கத்தில் ஓடியவர் பயிற்றுநர் ஆர்னி பிரிக்ஸ். இந்தப் பிரிக்ஸ் முதலில், பெண்ணால் மரதன் ஓட இயலாது என்று வாதிட்டவர். பயிற்சியில் அவர் ஓடிக் காட்டிய பிறகே மனம் மாறியவர். துணை என்பது ஆரம்பத்திலேயே நம்புகிறவர்கள் மட்டும் கூடுவதன்று. நம்பாதவரும் கூட ஓடி வந்து நம்பக் கற்றுக்கொள்ளலாம். பொஸ்டன் பெண்களை முறையாக ஏற்றது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் வந்தது 1984இல்.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் இரண்டு கவனத்துக்குரியவை.

முதலாவது: 'உதவி கூடினால் உறுதி குறையும், கஷ்டமே வீரரை உருவாக்கும்' என்பது. கண்டியின் பெரிய பாடசாலைகளில் படித்துத் தேறிய கனவான்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் பெற்ற டங்கன் வைற் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர். முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். அவர்களின் திறமை அவர்களுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கல்லூரிகளில் மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், போட்டிக்கு அனுப்பப் பழைய மாணவர்கள் இருந்தார்கள். அதற்கு நாம் 'பாரம்பரியம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதையே தோட்டப் பிள்ளைக்குக் கேட்டால் 'சலுகை' என்கிறோம். கஷ்டம் வீரரை உருவாக்கும் என்பது உண்மையானால், மைதானமே இல்லாத நமது தோட்டப் பாடசாலைகள் இதற்குள் எத்தனை ஒலிம்பிக் பதக்கங்களைக் குவித்திருக்க வேண்டும்!

இரண்டாவது மறுப்பு என் நெடுநாள் நண்பரான ஒரு தொழிற்சங்கவாதியுடையது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. "விடிந்தால் மலையேறிக் கொழுந்து சுமப்பவளுக்கு மரதன் எதற்கு? அது வாவியைச் சுற்றி நடக்கும் நகரத்தாரின் பொழுதுபோக்கு. முதலில் சம்பளத்தைக் கேள், காணியைக் கேள்" என்றார்.

சம்பளத்தையும் காணியையும் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்று கிடைக்கும்வரை மற்றொன்றை விரும்பாதே என்று ஏழைக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்? அத்துடன் இதில் வேறொரு விடயமும் இருக்கிறது. நமது பெண்கள் இருநூறு ஆண்டுகளாக மலையேறி வருகிறார்கள். அவர்கள் நடந்த தூரத்தை எவரும் அளந்ததில்லை. அளக்கப்பட்டது கொழுந்தின் நிறை. நிறை குறைந்தால் போடப்பட்டது அரைப்பேர். அந்தப் பெண்ணின் காலடித் தூரம், அவளுக்காக, அவள் பெயரில் முதன்முறையாக அளக்கப்பட்டது அந்த மரதனில்தான். கோட்டைத் தாண்டியபோது யாருக்கும் அவள் எதையும் நிறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதைப் பொழுதுபோக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

நண்பருக்கு இன்னொன்றும் நினைவூட்டினேன். 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த மலையக எழுச்சிப் பயணம். முதலாவது தலைமுறை வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அவர்கள் வந்த வழியே 252 கிலோமீற்றர் நடந்தார்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு மரதன். காணியும் சம சம்பளமும் சம உரிமையும் கேட்டு நடந்த நடை அது. முழுத்தூரம் நடந்தவர்களும் இருந்தார்கள். ஒருநாள் மட்டும் சேர்ந்து நடந்தவர்களும் இருந்தார்கள். வழிநெடுகிலும் தண்ணீரும் உணவும் தங்க இடமும் கொடுத்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். உரிமைக் கோரிக்கைக்கும் கால்தான் வேண்டும், காலுக்கும் துணைதான் வேண்டும்.

அதே வழியில் முன்னோர் வந்தபோதும் கூட்டமாகத்தானே வந்தார்கள் என்று கேட்கலாம். ஆம், கங்காணியின் பின்னால் வந்தார்கள். ஆனால் கூட்டம் எல்லாம் துணையாகிவிடாது. கங்காணி கொடுத்த முன்பணம் தலையில் கடனாக ஏறியது. கடன் தீர்ந்ததற்கான 'துண்டு' இன்றி இன்னொரு தோட்டத்தில் வேலை பெற இயலாதிருந்தது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. வழியில் நோயில் விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. விழுந்தவருக்காக நிற்பதே துணை. நிற்காதது வெறும் கூட்டம். 34ஆவது கிலோமீற்றரில் நின்றாரே பேராதனைப் பெண், அந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன்.

இதே அளவுகோலால் இன்றைய 'அனுசரணை'களையும் அளக்கலாம். பெயர் பொறித்த பனியன் கொடுத்து, பதாகையின் முன் நிறுத்திப் படமெடுத்து, மறுநாள் மறந்துவிடுவதைத் துணை என்று நான் ஏற்கமாட்டேன். கோட்டருகே நின்று கைதட்டுவதும் துணை அன்று. கைதட்ட ஐந்து நிமிடம் போதும். விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வர எழுபது விடியற்காலைகள் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கைக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன்.

கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம் வரும். பன்னிரண்டு, பதின்மூன்று சுற்றுச் சுற்றினால் ஒரு மரதன். காலையும் மாலையும் அங்கே நல்ல சப்பாத்தணிந்து நடக்கும் வைத்தியர்கள், சட்டத்தரணிகள், வர்த்தகர்கள், ஆசிரியர்கள் பலர். கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களில் பத்துப்பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு கலஹாவுக்கோ புசல்லாவைக்கோ வந்து ஒரு பிள்ளையுடன் ஓடலாம். ஓட இயலாதவர் வண்டியில் பின்னால் வரலாம். பெண் பிள்ளைகளுடன் ஓடப் பெண்கள் வர வேண்டும். அது இல்லாவிட்டால் தாய்மார் விடமாட்டார்கள், விடக் கூடாது. போட்டி நடத்துவோர், தூர இடத்துப் பிள்ளையுடன் துணையாக ஓடுபவருக்குப் பதிவுக் கட்டணத்தை விலக்கலாம். மாகாணப் போட்டிக்குத் தெரிவான பிள்ளைக்குப் பஸ் கட்டணம் கொடுக்கும்போது, கூடப் போகும் ஒருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப் பாடசாலைகள் பழக வேண்டும். அந்த இரண்டாவது சீட்டு இல்லாமையால்தான் என் போகம்பறைச் சிறுவன் மூட்டை தூக்கப் போனான்.

பத்திரிகைத் தோழர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஓடியவரின் பெயருக்குக் கீழே, கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு வரி போதும். அதைப் படிக்கும் இன்னொரு தோட்டத்துப் பிள்ளை, 'எனக்கு மனவுறுதி இல்லை' என்று தன்னையே நொந்துகொள்ளாமல், 'எனக்கு ஆள் இல்லை' என்று சரியான இடத்தில் குறையைக் காண்பாள். குறை இன்னதென்று தெரிந்தால் கேட்கலாம். கேட்டால் யாராவது வரக்கூடும்.

இளம் நிருபருக்குப் பிறகு நானே ஒரு படம் அனுப்பினேன். இருளில் ஒரு முச்சக்கர வண்டியின் விளக்கு, அந்த வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் முதுகு, காலில் சப்பாத்து. அவர் அதைப் பிரசுரிக்கவில்லை. படத்தில் முகம் தெரியவில்லையாம். செய்தி எட்டு வரியில், உட்பக்கத்தில் வந்தது. 'தனியொருத்தியாய்' என்ற சொல் அதிலும் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் இப்போது இன்னும் இரண்டு பிள்ளைகள் ஓட விரும்புகிறார்கள். அண்ணனின் வண்டி ஒன்றுதான். என் முழங்கால் ஓட இடந்தராது. ஆனால் ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கலஹாச் சந்தியில் தண்ணீர்ப் போத்தலுடன் நிற்க இடந்தருகிறது. வருகிற ஞாயிறும் நிற்பேன். கண்டியிலிருந்து கலஹாவுக்கு அதிக தூரமில்லை.